இரத்தினம்மாவின் இடது கிட்னி

என்ட மச்சாள் இரத்தினம்மா ஒரு இடத்தில சும்மா இருந்து நான் கண்டதில்ல. அவள் நடக்கிறதே ஓட்டம்தான். ஆரையம்பதியில இருந்து மண்முனைத் துறைக்குப் போற வழியில, தலையில ஒரு பொட்டலி, கக்கத்தில ஒரு பொட்டலி, வாய் நிறைய வெத்திலை, முன்னால போறவங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஒருத்தி போறாள் எண்டா அது அவள்தான். பின்னால மூச்சு வாங்க, நில்லுகா, நில்லுகா எண்டு கத்திக்கொண்டு போறது நான். என்ட பேர் அன்னப்பூரணி. அவள்ட அண்ணன் கனகசிங்கத்தத்தான் நான் கலியாணம் முடிச்சிருக்கன். புருசனோட கதைச்சதவிட இவளோட சண்டை புடிச்சதுதான் என்ட சீவியத்தில கூட.

அவள்ட புருசன் தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்கு எண்டு போனவர். போனவர்தான். ரெண்டு பொம்புளப் புள்ளைகள் கையில. அழுது முடிச்ச கையோட அவள் செஞ்ச வேலை என்ன தெரியுமா? காப்பு, சீப்பு, றிபன், சவர்க்காரம், சட்டைத்துணி எண்டு பொட்டலி கட்டிக்கொண்டு வாவிக்கு அங்கால, படுவான்கரைக்கு யாவாரத்துக்கு வெளிக்கிட்டதுதான். வாவிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம், நடுவில தண்ணி. ரெண்டு கரையிலயும் பொட்டலிய அவிழ்த்துக் கொட்டிப் பாப்பாங்க. ரெண்டு கரையிலயும் அவள் வாயக் குடுத்தே தப்பி வருவாள். ஆமிக்காரனுக்குத் தெரிஞ்ச தமிழ் பத்துச் சொல்லு எண்டா, அதில அஞ்சு இவள் சொல்லிக் குடுத்ததாத்தான் இருக்கும். வரக்குள்ள அரிசியும் தயிர்ச் சட்டியுமாத் திரும்புவாள். வாயுள்ள புள்ள பிழைக்கும் எண்டு சும்மாவா சொன்னாங்க? அவள் பிழைச்சத பாத்துத்தான் நானும் ஒரு பொட்டலியக் கட்டிக்கொண்டு பின்னால வெளிக்கிட்டன்.

துறையில ஒரே ஒரு கரைச்சல்தான் எங்கள மடக்கினது. காலையில போய் வரிசையில நிண்டா, மனிசரையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அக்கரைக்குப் போற அந்தத் தட்டைப் படகு எங்கட முறைக்கு வர மத்தியானம் ஆகிரும். முந்தி ரெண்டு கரையிலயும் தண்ணியோரம் கண்ணாப் பத்தை அடர்ந்து நிண்டது, ஒண்டுக்கு ஒதுங்க அது போதும். ஒளிஞ்சு நிண்டு சுடுவாங்க எண்டு சண்டை தொடங்கினதும் எல்லாத்தையும் வெட்டி வெளியாக்கிப் போட்டாங்க. ஆம்புளைகளுக்கு என்ன, அந்தப் பக்கம் திரும்பி நிண்டா முடிஞ்சுது. பொண்டுகள் எங்க போறது? கண்ணுக்கெட்டின தூரத்துக்குக் காவலரணும் துவக்கும்தான். அதனால துறையால போற பொண்டுகள் விடிஞ்சதில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கமாட்டம். தேத்தண்ணியும் இல்ல. வெயில் உச்சியில நிண்டு கொளுத்தும், நாக்கு மேலண்ணத்தில ஒட்டும், குடிக்கமாட்டம். அப்பிடியும் வந்தா அடக்கிறதுதான்.

இதில இரத்தினம்மாதான் எங்க எல்லாருக்கும் தலைவி. நாங்க அக்கரையில கால் வச்ச உடன பொறுக்கேலாம ஆரும் தெரிஞ்ச ஆக்கள்ட வீட்டு வளவுக்குள்ள ஓடுவம். அவள் அசையமாட்டாள். யாவாரம் முடிச்சு, திரும்பவும் துறை கடந்து, வீட்டுக்கு வந்து பொட்டலிய இறக்கினாப்பிறகுதான் வளவுக்குப் பின்னால போவாள். அது அவளுக்கொரு வீம்பு. நாங்களும் அதப் பெரிய கெட்டித்தனம் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சம். இப்பிடி ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா.

தொண்ணூற்றெட்டில, வேளாண்மை வெட்டு முடிஞ்ச கையோட, அவளுக்குக் காய்ச்சல் புடிச்சுது. சும்மா காய்ச்சல் இல்ல. பல்லுக் கிட்டி, கட்டில் கால் நிலத்தில டக டக எண்டு அடிக்க, கிடந்த சாக்கெல்லாம் போட்டு மூடினாலும் நிக்காத நடுக்கம். கொஞ்ச நேரத்தால வேர்த்து ஊத்தும், எழும்பி இருந்து கஞ்சி கேப்பாள். பின்னேரம் திரும்ப நடுங்குவாள். ஊர்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வரல்ல. படுவான்கரைக்குப் போய் வாறவளுக்கு நடுக்கம் வந்தா அது மலேரியா. அந்த வருசம் வட்டையில வெட்டுக்கு எண்டு போய் வயல்வெளியில படுத்தெழும்பினவங்களில பாதிப் பேர் மலேரியாவோடதான் வந்தாங்க. நானும் மலேரியா எண்டன், அவள்ட அண்ணனும் மலேரியா எண்டார், அவளே மலேரியா எண்டாள். டிஸ்பென்சரியில ரத்தத்தச் சோதிக்கக் குடுத்துப்போட்டு, பதில் வரமுதலே மலேரியாக் குளிசையப் போட்டாள். முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்தது. மறுகா இன்னும் மோசமா வந்தது. முதுகடியில நாரி நோகுது, விலாவோரம் இடது அள்ளையில குத்துது எண்டாள். பொட்டலி சுமக்கிறவளுக்கு நாரி நோகாம வேற என்ன நோகும் எண்டு நான் எண்ணெய் போட்டு உரஞ்சிவிட்டன்.

குடிச்ச கஞ்சியும் சத்தியா வெளிய வந்தாப்பிறகுதான் நான் அவளக் கட்டிலால எழுப்பினன். இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனன். அங்க புதுசா ஒரு டொக்டர் புள்ள வந்திருந்தா. இப்ப எடுத்த ரத்தத்திலயும் மலேரியா இல்லையாம், முதல் எடுத்ததிலயும் இல்லையாம். அதக் கேக்க ஒருத்தரும் வரல்லையாம். கேக்க ஆர் போறது? எங்க எல்லாருக்கும்தான் முதலே தெரியுமே! அந்தப் புள்ள இரத்தினம்மாவத் திருப்பி இருத்தி, முதுகில கடைசி விலாவுக்குக் கீழ கைமுட்டியால மெல்லத் தட்டினா. வலது பக்கம் ஒண்டுமில்ல. இடது பக்கம் தட்டினதுதான் தாமதம், இரத்தினம்மா கதிரையில இருந்து துள்ளி எழும்பி டொக்டர்ட கையப் புடிச்சிட்டாள். இது கிட்னியில கிருமி புகுந்த காய்ச்சல், மருந்து குடுக்கமுதல் உள்ளுக்கு என்ன கிடக்குது எண்டு பாக்கணும், நாளைக்கு விடியவே டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுங்க எண்டு அந்தப் புள்ள துண்டு எழுதித் தந்தா. கிட்னி எண்டா எனக்கு உடன விளங்கல்ல. குண்டிக்காய் எண்டு விளங்கப்படுத்தினாப்பிறகு, நான் எண்ணெய் போட்டு உரஞ்சின இடம் அதுதான் எண்டு தெரிஞ்சுது.

ஸ்கேன் எண்டதும் எங்கட தெருவில ஒரே அமளி. அந்த நேரம் அது வயித்தில புள்ள இருக்கிறவளுகள் எடுக்கிற சாமான். பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் ரெண்டாம் புள்ளைக்கு எடுத்தவள், அதனால அண்டைக்கு அவள்தான் எங்களுக்குப் பெரிய டொக்டர். விடிய வந்து வாசல்ல நிண்டு, வயிறு முட்டத் தண்ணி குடிக்கணும், குடிச்சுப்போட்டு ஒண்டுக்குப் போகாம அடக்கிக்கொண்டு போகணும், அப்பதான் படம் துலக்கமா விழும், வழியில போனா எல்லாம் வீண் எண்டு பாடம் நடத்தினாள். இரத்தினம்மா அந்தக் காய்ச்சலுக்குள்ளயும் சிரிச்சாள். அடக்கிறதுக்கு எனக்கா சொல்லித்தரணும் எண்டு கேட்டுப்போட்டு, செம்பு செம்பாக் குடிச்சாள். புள்ளைகள் ரெண்டையும் சின்னத்தங்கத்திட்ட விட்டுட்டு நாங்க பஸ் ஏறினம்.

பஸ் காத்தான்குடி தாண்டி நாவற்குடாவுக்கு வரக்குள்ளயே அவளுக்கு நடுக்கம் தொடங்கிற்று. கல்லடிப் பாலத்தடியில எல்லாரும் இறங்கி, வரிசையில நடந்து, செக்கிங் முடிச்சு, அங்கால போய்த் திரும்ப ஏறணும். வரிசையில இவள் நிண்டு ஆடுறாள். கையில இருந்த அடையாள அட்டை கீழ விழுது, எடுத்துக் குடுத்தா திரும்ப விழுது. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம், ஆமிக்காரனும் அந்தக் கணக்கத்தான் போட்டான். வரிசையில இருந்து அவளப் பிரிச்செடுத்து ஒரு பக்கம் நிப்பாட்டினான். மரத்தால விழுந்தவள மாடேறி மிதிச்ச மாதிரி எண்டு சொல்றது இதத்தான். நான் தமிழ்ல கத்துறன், அவன் சிங்களத்தில கத்துறான், பின்னால நிண்ட சனம் ரெண்டடி தள்ளி நிக்குது. எனக்குப் பயம் வந்தது அவன்ட துவக்கப் பாத்து இல்ல. எந்தக் காவலரணிலயும் வாயால வெல்லுற இரத்தினம்மா அண்டைக்கு வாயத் திறக்கேலாம நிண்டாள். பல்லு அடிச்ச அடியில ஒரு சொல்லு வெளிய வரல்ல.

மறைப்புக்குள்ள இருந்த பொம்புள ஆமிக்காரி அவளக் கூட்டிக்கொண்டு போனா. உடம்பத் தடவிப் பாக்கக் கை வச்சவ, சுட்ட மாதிரிக் கைய எடுத்துட்டா. புறங்கையால கழுத்தத் தொட்டுப் பாத்தா. வெளிய வந்து அந்த ஆமிக்காரன ஒரு பேச்சுப் பேசினா பாருங்க, எனக்குச் சிங்களம் விளங்காது, ஆனா மனசு குளிர்ந்துது. அவவே வந்த ஓட்டோ ஒண்ட மறிச்சு எங்கள ஏத்திவிட்டா. ஓட்டோவுக்குள்ள நான் இவளிட்ட மெல்லக் கேட்டன், எங்கயும் ஒரு வளவில நிப்பாட்டச் சொல்லட்டா எண்டு. படம் பழுதாப்போகும் எண்டு தலையாட்டினாள். கால ரெண்டையும் பின்னிக்கொண்டு, கண்ண மூடிக்கொண்டு இருந்தாள்.

ஆசுபத்திரிக்குள்ள போனா அங்க வேற கூத்து. எங்கயோ பெரிய சண்டையாம், காயப்பட்ட ஆமிக்காரரக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தாங்க. ஸ்கேன் அறைக்குப் போற நீட்டு விறாந்தை முழுக்கத் துவக்கும் சப்பாத்தும் ரத்தத் துணியும். அதுக்குள்ளால இவளத் தாங்கிக்கொண்டு போய்ச் சேந்தன். ஸ்கேன் எடுக்கிறவர் டொக்டர் சாலிஹ், ஏறாவூர்க்காரர், ஒல்லி மனிசன், கதைக்கிறதும் ஆறுதலா, அவசரமில்லாமத்தான். ஆனா இவள்ட முகத்தக் கண்டதும் அந்த ஆறுதல் எங்க போச்சோ தெரியா. வரிசையில இருந்தவங்களிட்டச் சொல்லிப்போட்டு இவள முதல்ல உள்ள எடுத்தார். கூட வந்த என்னத் துரத்தவும் இல்ல. துரத்தியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன்.

லைற்ற நூத்து அறைய இருட்டாக்கினார். அள்ளையில குளிர்ந்த பசையப் பூசி, கையில புடிக்கிற கட்டை மாதிரி ஒரு சாமான வச்சு அழுத்தினார். சின்ன டிவி ஒண்டில சாம்பலும் கறுப்புமா என்னவோ ஓடினது. வலது பக்கம் பாத்தார், கை நிண்டுது. இடது பக்கம் பாத்தார், திரும்பவும் கை நிண்டுது. தண்ணி எண்டா இதில கறுப்பாத் தெரியும், கிட்னிக்கு நடுவில இவ்வளவு கறுப்பு இருக்கக்கூடாது எண்டார். ரெண்டு பக்கமும் வீங்கிப்போய்க் கிடக்குதாம். ரெண்டும் அடைபட்டிருந்தா அத இஞ்ச வச்சுச் செய்யேலாது, கொழும்புக்குத்தான் அனுப்பணும், இண்டைக்குச் சண்டையால றோட்டு பூட்டு எண்டு எனக்கு மட்டும் கேக்கச் சொன்னார். கண்ணகைத்தாயே! அவள் செத்தா அந்தக் குஞ்சுகள் ரெண்டும் என்ன செய்யும் எண்ட நினைப்பு அப்பதான் எனக்கு முதல் முதல் வந்தது.

மறுகா அவர் கட்டைய அடிவயித்தில வச்சார். டிவி முழுக்க ஒரே கறுப்பு. அவர் இவளப் பாத்தார், என்னப் பாத்தார், கடைசியா எப்ப சலம் போனா எண்டு கேட்டார். நான் எல்லாத்தையும் கொட்டினன். செம்பு செம்பாக் குடிச்சதையும், வழி முழுக்க அடக்கினதையும், துறையையும், வெட்டின பத்தையையும், சின்னத்தங்கத்தையும். டொக்டர் கட்டையக் கீழ வச்சுட்டார். புள்ளத்தாச்சிக்குச் சொன்னத கிட்னிக்காரிக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க எண்டு தலையில கை வச்சார். சலப்பை அளவுக்கு மிஞ்சி நிரம்பினா தண்ணி இறங்க இடமில்லாம மேல கிட்னியும் ஊதுமாம். அப்ப எது அடைப்பால வீங்கினது, எது அடக்கினதால வீங்கினது எண்டு படத்தில பிரிச்சுச் சொல்லேலாதாம்.

"போய் முழுக்கக் கழிச்சிட்டு வாங்க அக்கா" எண்டார். "வந்து படுத்தா வீக்கம் எதில வத்துது எண்டு பாத்து உண்மையக் கண்டுபுடிக்கலாம்."

இவள் எழும்பினாள். கதவடிக்குப் போனாள். நிண்டாள். பொம்புளைகள்ட கக்கூசு விறாந்தையிட மத்தத் தொங்கல்ல, கடைசியில. அங்க போறதெண்டா அவ்வளவு ஆமிக்காரருக்கும் முன்னால நடக்கணும். எனக்கு வரல்ல மச்சாள் எண்டாள். வயிறு பானை மாதிரி நிக்குது, வரல்லையாம்! எனக்கு வந்துதே ஒரு கோவம். கண்டறியாத வெக்கம், உசிரே போகப் போகுது, இனி ஆருக்கு முன்னால உனக்கு மானம் எண்டு நான் வாயில வந்ததெல்லாம் பேசினன். அவள் கதவு நிலையப் புடிச்சுக்கொண்டு நிண்டாளே தவிர ஒரு அடி வைக்கல்ல. வருசக்கணக்காத் துவக்குக்கு முன்னால அடக்கிப் பழகின உடம்பு, பேச்சுக்கு மசியுமா?

அங்க ஒரு வயசான ஆமிக்காரர், தோளில பட்டி வச்சவர், என்ட சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தார். நான் அவளக் காட்டினன், வயித்தக் காட்டினன், விறாந்தைத் தொங்கலக் காட்டினன். அவர் அவள்ட வயித்தப் பாத்தார், விறாந்தையப் பாத்தார். மறுகா சிங்களத்தில ஏதோ ஒரு சொல்லுச் சொன்னார். நிண்டவன் நிண்டபடி, எல்லாரும் சுவருப் பக்கம் திரும்பினாங்க. கட்டுப் போட்ட காலோட குந்தியிருந்த பொடியன் ஒருத்தன் திரும்பேலாம கண்ணப் பொத்திக்கொண்டான். நான் அவள்ட கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினன். ஓம், ஓடினம்.

ஓடிப் போயும் என்ன? உள்ள போனவள் இருக்கிறாள், இருக்கிறாள், ஒண்டும் வரல்ல. அழுறாள். நான் கதவுக்கு வெளிய நிண்டு பேசுறன், கெஞ்சுறன், மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறன். கடைசியாப் பைப்பத் திறந்துவிட்டன், சின்னப் புள்ளைகளுக்குச் செய்யிற மாதிரி. வாளியில தண்ணி விழுற சத்தத்துக்குத்தான் அவள்ட உடம்பு இளகினது. வந்தது வந்தது, நிக்காம வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்து, சுவரப் புடிச்சுக்கொண்டு நிண்டன்.

திரும்ப வந்து படுத்தாள். டொக்டர் வலது பக்கம் கட்டைய வச்சார். அந்தக் கறுப்பு வத்திப் போச்சு! அவரை விதை மாதிரிக் கிட்னி சின்னதா, அடக்கமாக் கிடந்தது. அவர் மூச்ச விட்டார், நானும் விட்டன். இடது பக்கம் வச்சார். அங்க கறுப்பு அப்பிடியே நிக்குது. அதுவும் சும்மா கறுப்பு இல்ல, அடியில சாம்பல் நிறத்தில ஏதோ படிஞ்சிருந்தது. கஞ்சிய ஆற வச்சா தடிப்பு அடியில இறங்கித் தெளிவு மேல நிக்குமே, அது மாதிரி. டொக்டர் அவள ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னார். டிவியில அந்தத் தடிப்பு மெல்ல மெல்ல வழுகி மத்தப் பக்கம் சரிஞ்சுது. நான் என்ட கண்ணால கண்டன். டொக்டர் கதிரையில இருந்து எழும்பிட்டார்.

"சீழ்" எண்டார். "இடது கிட்னி முழுக்கச் சீழ். ஒண்டுதான், ஒண்டே ஒண்டுதான். அல்ஹம்துலில்லாஹ்."

சீழுக்கு எவராவது கடவுளுக்கு நன்றி சொல்லுவாங்களா? அண்டைக்கு அவரோட சேந்து நானும் சொன்னன். உடன ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. கிட்னியில இருந்து கீழ இறங்கிற குழாய் வழியில நெல்லுமணி அளவில வெள்ளையா ஒண்டு தெரிஞ்சுது. தண்ணி குடிக்காம இருந்தா மூத்திரம் தடிச்சுக் கல்லுக் கட்டுமாம். அந்தக் கல்லு வாசல அடைக்க, உள்ள நிண்ட தண்ணியில கிருமி சேந்து, சீழாகி, வெளிய வர வழியில்லாம ரத்தத்துக்குள்ள போகுதாம். அதுதான் அந்த நடுக்கம். பிரசர் இறங்கத் தொடங்கிற்று எண்டார். இண்டைக்கு அந்தச் சீழ வெளிய எடுக்காட்டி ஆள் நாளைக்கு இருக்கமாட்டா எண்டு ஒளிக்காமச் சொன்னார். வெட்டுற டொக்டர் காயக்காரரோட தியேட்டருக்குள்ள. அவர் எப்ப வெளிய வருவார் எண்டு ஆருக்கும் தெரியாது. அதனால தானே ஸ்கேன்ல பாத்துப் பாத்து, முதுகால ஊசி விட்டுச் சீழ எடுக்கப் போறன், சம்மதமா எண்டு கேட்டார். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, செய்யுங்க எண்டன்.

அவளக் குப்புறப் படுத்தி, வயித்துக்குக் கீழ தலகணி வச்சு, இடம் மரத்துப்போக ஊசி போட்டாங்க. நேர்ஸ் ஒரு பக்கம், நான் தலைமாட்டில அவள்ட கையப் புடிச்சுக்கொண்டு. டொக்டர் ஒரு கையால கட்டையப் புடிச்சு, மத்தக் கையால நீட்டு ஊசி ஒண்ட மெல்ல விட்டார். கண் டிவியில. எங்க எல்லாற்ற கண்ணும் டிவியிலதான். சாம்பல் நிறத்துக்குள்ளால மின்னல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இறங்கினது. கொஞ்சம் விலகிப் போச்சு, நிண்டார், பின்னால எடுத்தார், திரும்ப விட்டார். மூச்சப் புடிங்க அக்கா எண்டார். அவளோட சேந்து நானும் புடிச்சன், நேர்ஸும் புடிச்சா. வெள்ளைப் புள்ளி கறுப்புக்குள்ள நுழைஞ்சுது.

ஊசிக் குழல இழுத்தார். மஞ்சளும் பச்சையுமாத் தடிப்பா வந்தது. அந்த மணத்த நான் சொல்லமாட்டன், உங்களுக்குச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். ஆனா சத்தியமாச் சொல்றன், மல்லிகைப்பூ மணம்கூட எனக்கு அப்பிடிச் சந்தோசம் தந்ததில்ல. இழுக்க இழுக்க வந்தது. டிவியில அந்தக் கறுப்பு கண்ணுக்கு முன்னால சுருங்கினது. மறுகா அந்த வழியால ஒரு மெல்லிசுக் குழாயக் கிட்னிக்குள்ள விட்டு, வெளிய ஒரு பை தொடுத்து, முதுகோட சேத்துத் தைச்சார். எழும்பி நிண்ட மனிசன்ட சேட்டு முழுக்க வேர்வை.

வெளிய வந்து என்னக் கூப்பிட்டார். உசிருக்கு இனி நம்பிக்கை இருக்கு, மருந்து ஏறுது, காய்ச்சல் இறங்கும் எண்டார். ஆனா அந்தக் கிட்னி செத்துப் போச்சா, இன்னும் இருக்கா எண்டு தனக்குத் தெரியாதாம். பைக்குள்ள வெறும் சீழ் வந்து அதோட நிண்டா அது செத்த கிட்னி, பிறகு வெட்டித்தான் எடுக்கணும். இவள்ட இந்த உடம்பு அந்த வெட்டத் தாங்குமா எண்டது வேற கேள்வி. சீழுக்குப் பின்னால மூத்திரம் வந்தா அது உசிரோட இருக்கு. "நான் பாத்துச் சொல்ற காலம் முடிஞ்சுது அக்கா, இனிப் பைதான் சொல்லணும்" எண்டார்.

அடுத்த நாள் விடியக் காய்ச்சல் விட்டுது. அவள் கண்ணத் திறந்து முதல் கேட்டது வெத்திலை. அதுக்கே நான் அழுதிருப்பன், ஆனா பையப் பாத்து அழுகை நிண்டுபோச்சு. அதில மஞ்சள் சீழ்தான், அதுவும் குறைஞ்சு குறைஞ்சு நிண்டே போச்சு. நேர்ஸ் வந்து குழாய்க்குள்ள மருந்துத் தண்ணி விட்டுக் கழுவினா. ஏதோ கட்டி ஒண்டு வெளிய வந்தது, மறுகா ஒண்டுமில்ல. தண்ணி குடிக்கக் குடுங்க, நிறையக் குடுங்க, பைய மட்டும் மேல தூக்காதீங்க எண்டா. நான் கோப்பை கோப்பையாக் குடுத்தன். இரத்தினம்மா ஒரு மறுப்புச் சொல்லாமக் குடிச்சாள். அவளுக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. கண்ணாலயே என்னட்டக் கேட்டாள், நான் குனிஞ்சு பையப் பாத்துப்போட்டுத் தலையாட்டினன். பத்துத் தரம் கேட்டாள், பத்துத் தரமும் இல்ல எண்டுதான் சொன்னன். எனக்கு அந்தப் பையக் கிழிச்செறியணும் போல வந்தது. நாசமாப் போன பை!

மத்தியானம், நோயாளியளப் பாக்கச் சனம் வந்து வாட்டு நிறைஞ்ச நேரம். நான் பை சரியாத் தொங்குதா எண்டு பாக்கக் குனிஞ்சு கையில ஏந்தினன். என்ட உள்ளங்கை சுட்டுது. வெயில் பட்டதோ எண்டு நினைச்சன், அந்தப் பக்கம் வெயிலே இல்ல. குழாயப் பாத்தன். கலங்கலா ஒரு சொட்டு, அதுக்குப் பின்னால ஒரு சொட்டு, மறுகா தேத்தண்ணி நிறத்தில, மறுகா இன்னும் வெளிறி. பைக்குள்ள இளஞ்சூடு. அவள்ட உடம்புச் சூடு அது, உள்ள அந்தக் கிட்னி வேலை செஞ்சு அனுப்பின சூடு.  அப்பிடியே நிலத்தில குந்தி, பைய ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு அழுதன்.

அவள் பயந்துபோனாள். என்னகா மச்சாள், என்ன, செத்துப் போச்சா எண்டு கேட்டாள். இல்ல, வருது எண்டன். என்ன வருது எண்டாள். நான் பையக் காட்டினன். தலையத் தூக்கி அதப் பாத்தாள். மறுகா முழங்கைய ஊண்டி எழும்பி இருந்தாள். துறையில யாவாரத்துக்குக் கூவுற அதே தொண்டை, வாட்டு முழுக்கக் கேட்டுது.

"எல்லாரும் இஞ்ச வாங்க! வந்து பாருங்க, என்ட மூத்திரம்!"

பக்கத்துக் கட்டில்காரி வந்தாள், அவளப் பாக்க வந்த தாய் வந்தா, கூட்டிப் பெருக்கிற பொம்புள தும்புத்தடியோட வந்தா, ஆர்ட புருசன்மாரோ ரெண்டு பேரும் எட்டிப் பாத்தாங்க. இவள் சேலைய இழுத்து மூடவும் இல்ல, முகத்தத் திருப்பவும் இல்ல. என்ட கையில இருந்து பையப் பறிச்சு, தலைக்கு மேல தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். பைய மேல தூக்காத, திரும்ப உள்ளுக்குப் போயிரும் எண்டு நேர்ஸ் சொன்னது நினைவில்லையா, இறக்குகா கீழ எண்டு நான் அவளப் பேசினன்.